பூஞ்சை பிடித்த பிளாப்பி

கும்மிடிப்பூண்டிப் பள்ளிக் கணினி அறையில் எனக்குத் தெரியாமல் நீங்கள் ஆடிய 'கமாண்டர் கீன்' நினைவிருக்கிறதா? 1990-ல் வந்த ஆட்டம். செவ்வாய்க்கு ராக்கெட்டில் போகும் அந்த எட்டு வயதுச் சிறுவன், 2007-ல் 'ஸ்டீம்' இணையக் கடைக்கு வந்துவிட்டான். 'டாஸ்பாக்ஸ்' என்ற மென்பொருள் புதுக் கணினிக்குள் பழைய கணினியாக நடிக்கிறது. ஆட்டமும் நம்பி ஓடுகிறது. ஆனால் ஒரு நகலும், விற்கும் உரிமை உள்ளவரும் வேண்டும்.

1996-ல் நீங்கள் பேசிக்கில் எழுதிய 'சிப்காட் பஸ்' ஆட்டத்துக்கு உரிமையாளர்கள் நீங்கள்தான். நகல்தான் இல்லை. என் பீரோவில் இருந்த பிளாப்பி பூஞ்சை பிடித்துப் போனது. இன்னொன்று எடுத்து வைக்காதது என் தவறு. யார் வீட்டுப் பரணிலாவது பழைய பிளாப்பி இருந்தால், தூக்கிப் போடும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.