அஞ்சு விரையும் என் மூக்கும்

எங்க உத்திரமேரூர்னாலே பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுதான் (கி.பி. 919, 921). எனக்கோ இப்போ சென்ட் கிறுக்கு! பத்து பாட்டில் சேர்ந்தாச்சு, ஒண்ணுலயும் என்ன வாசனைன்னு பிரிச்சுச் சொல்லத் தெரியல.

அப்பதான் சிலப்பதிகாரம் ஞாபகம் வந்துச்சு. கோவலனோட ஊடல் தீர மாதவி குளிச்ச தண்ணியில 10 துவர், 5 விரை, 32 ஓமாலிகை. மொத்தம் 47 சரக்கு! அந்த அஞ்சு விரையை உரைகாரர் அடியார்க்கு நல்லார் பட்டியலே போடுறார்: கோட்டம், துருக்கம், தகரம், அகில், சந்தனம்.

இதுல எத்தனை நமக்கு மோந்தா தெரியும், சொல்லுங்க? எனக்கு சந்தனம் மட்டும்தான். தேர்தல் விதியைக் கல்லுல வெட்டி வெச்சாங்க, தப்பிச்சுது. வாசனையைக் கல்லுல வெட்ட முடியாதே!

அதனால புதுசா பாட்டில் வாங்குறதை நிறுத்திட்டேன். சந்தனக் கட்டையை உரசி மணிக்கட்டுல தடவி, ஈரத்துல ஒரு தடவை, காஞ்சப்புறம் ஒரு தடவை மோந்து பார்க்கிறேன். ரெண்டும் வேற வேற வாசனை! அடுத்தது அகில்.