கூரையும் கூட்டுறவும்: தென் கலிபோர்னியக் கணனிப் பயனர் ஒன்றுகூடல்கள்

கணனியின் வரலாறு பெரும்பாலும் அதனை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பொறியை வடிவமைத்தோரும் கம்பனிகளை நிறுவியோரும் அவ்வரலாற்றிலே முதலிடம் பெறுகின்றனர். அப்பொறியைப் பயன்படுத்தியோர் தம்முட் கூடி, தாம் எழுதிய நிரல்களைப் பரிமாறி, ஒருவருக்கொருவர் கற்பித்த வரலாறு போதிய கவனத்தைப் பெறவில்லை. எனினும் இன்று திறந்த மூல மென்பொருள் என வழங்கும் மரபின் வேர்களுள் ஒன்று அத்தகைய கூட்டங்களிலேயே உள்ளது. மூல நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் இசைவளிக்கும் மென்பொருளே திறந்த மூல மென்பொருள் எனப்படும். அதன் பயனர்கள் பிரதேச அடிப்படையிற் கூடும் கூட்டங்கள் எவ்வாறு தோன்றின, எதனால் நிலைத்தன என்பதை ஆராய்தற்குத் தென் கலிபோர்னியா தக்கதொரு களமாகும். ஏறக்குறைய அரை நூற்றாண்டு இடைவெளியில் இருவேறு பயனர் அமைப்புக்கள் அப்பிரதேசத்திலே தோன்றின. அவற்றை ஒப்புநோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும்.

1955ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, சாந்தா மொனிக்கா நகரிலுள்ள ராண்ட் நிறுவனத்தின் கட்டடத்தில், ஐ.பி.எம். 704 என்னும் கணனியைப் பெறவிருந்த நிறுவனங்களின் பிரதிநிதிகள் கூடினர். அவர்கள் அமைத்த சங்கம் 'ஷெயார்' எனப் பெயர் பெற்றது. பகிர்தல் என்பதே அச்சொல்லின் பொருள். விமான உற்பத்தித் தொழிலிலே ஒன்றோடொன்று போட்டியிட்ட நிறுவனங்களும் அதில் அங்கம் வகித்தன. சந்தையிற் போட்டியிட்டோர் இங்கு ஒத்துழைத்தமைக்குக் காரணம் பொருளாதாரமே. பொறியோடு கிடைத்த நிரல்கள் மிகச் சிலவாக இருந்த அக்காலத்தில், ஒரே வகை நிரலை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே எழுதுவது பெருஞ்செலவாயிற்று. எனவே குறியீடுகளால் எழுதப்பட்ட நிரலைப் பொறிமொழிக்கு மாற்றுதற்கு ஒரு பொது நிரலைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. ஐ.பி.எம். தயாரித்ததை விடுத்து, யுனைட்டெட் எயர்கிராப்ட் கம்பனியைச் சேர்ந்த ரோய் நட் என்பார் ஆக்கிய நிரலையே உறுப்பினர் ஏற்றுக்கொண்டனர். தத்தம் விருப்பினை விட்டுப் பிறரது ஆக்கத்தை ஏற்பதென்பது கடிதப் போக்குவரத்தால் எளிதில் எய்தக்கூடியதன்று. ஓரிடத்திற் கூடியிருந்து வாதிட்டு இணங்கியமையே அதனைச் சாத்தியமாக்கியது எனலாம்.

ஆயினும் இவ்வமைப்புக்கு இரு வரையறைகள் இருந்தன. முதலாவதாக, கணனியை வைத்திருந்த நிறுவனங்களே அதன் உறுப்பினராயினர். தனிமனிதர்க்கு அங்கு இடமிருக்கவில்லை. அக்காலக் கணனியின் விலையை நோக்கின் இது வியப்புக்குரியதன்று. இரண்டாவதாக, உற்பத்தியாளர் மூல நிரலை வழங்கும்வரையே அதனைப் படித்துத் திருத்துதல் இயலும். 1969ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஐ.பி.எம். மென்பொருளுக்குத் தனி விலை விதிக்கப்போவதாக அறிவித்தது. 1983ஆம் ஆண்டு பெப்ரவரியிலோ மூல நிரலை வழங்காது, பொறிமொழி வடிவினை மட்டுமே வழங்கும் கொள்கையை வெளியிட்டது. ஷெயார் இதனால் அழிந்துவிடவில்லை. அது இன்றும் இயங்கி வருகின்றது. ஆனால் பகிர்தற்குரிய உரிமை பயனரின் கையில் இல்லாதவிடத்து அவர்தம் கூட்டுறவு பிறர் தயவிலே தங்கியிருக்கும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

அதே 1983ஆம் ஆண்டின் செப்டெம்பரிலே றிச்சர்ட் ஸ்ரோல்மன் தமது குனு திட்டத்தை அறிவித்தமை நோக்குதற்குரியது. பகிரும் உரிமையை உரிமப் பத்திரத்தின் வாயிலாகவே நிலைநாட்டும் முயற்சி அது. 1991இல் லினஸ் ரோவால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரல் அடுத்த ஆண்டில் குனு பொது உரிமத்தின் கீழ் வந்தது. இவ்வாறு உரிமைப் பிரச்சினை தீர்ந்ததும் வேறொரு பிரச்சினை தலைதூக்கிற்று. லினக்ஸை வீட்டுக் கணனியில் நிறுவுதல் அக்காலத்தில் எளிதாயிருக்கவில்லை. வன்வட்டைப் பிரித்தல், திரைக்கும் ஒலிக்கும் வலையமைப்புக்கும் உரிய அட்டைகளை அடையாளங்காணல் ஆகியவற்றிற் புதியோர் இடர்ப்பட்டனர். தொலைபேசி இணைப்போ மிக மெதுவானது. ஆகவே கணனியையே தூக்கிக்கொண்டு ஓரிடத்திற்கு வருதலும், அனுபவமுடையோர் அருகிருந்து நிறுவிக் கொடுத்தலும் வழக்கமாயின. இத்தேவையே நகரந்தோறும் லினக்ஸ் பயனர் குழுக்கள் வளரத் துணைசெய்தது. ஷெயாரில் நிறுவனங்கள் கூடின. இங்கோ தனிமனிதர் கூடினர்.

தனிமனிதர்க்கு மண்டபம் இல்லை. மண்டபம் பெறப் பணமும் இல்லை. 1990களின் பிற்பாதியில் சிமி-கொனேஹோ லினக்ஸ் பயனர் குழுவினர் சிமி வெலி நகரிலிருந்த நோர்டெல் கம்பனியின் அலுவலகத்திலே 'லக்பெஸ்ற்' என்னும் விழாவினை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை நடாத்தத் தொடங்கினர். நான்கு விழாக்கள் நிறைவுற்றன. பின்னர் அக்கம்பனி அவ்வலுவலகத்தை மூடிற்று. தொண்டர் இருந்தனர், கற்க விழைந்தோரும் இருந்தனர், கூடுதற்கு இடம் மட்டும் இல்லாது போயிற்று. 1983இல் வெளிப்பட்ட அதே பலவீனம் மீண்டும் வேறுருவில் தோன்றியது. அன்று மூல நிரல் பிறர் கையில் இருந்தது. இன்று கூரை பிறர் கையில் இருந்தது.

இந்நிலையில் அக்குழுவைச் சேர்ந்தோர் சிலர் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் குழுவினரோடும், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகக் குழுவினரோடும் இணைந்தனர். ஒரு நகரத்து விழா பிரதேச விழாவாக விரிந்தது இவ்விணைப்பினாலேயே. 2002ஆம் ஆண்டு நவம்பரிலே முதலாவது தென் கலிபோர்னிய லினக்ஸ் கண்காட்சி, சுருக்கமாக 'ஸ்கேல்', தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மண்டபத்தில் நடைபெற்றது. மூன்று குழுக்கள் ஒன்றிணைந்தமையால் உழைப்பும் தொடர்புகளும் ஓரிடத்தில் தங்கியிராது பரவின. பேச்சாளரைத் தெரிதல், நிகழ்ச்சி நிரல் வகுத்தல், மின்னிணைப்பும் வலையமைப்பும் ஏற்படுத்தல் போன்ற பணிகளைத் தொண்டர்களே ஏற்றனர்.

மாணவர் பங்கும் பல்கலைக்கழகக் கூரையும் இங்கு வகித்த இடம் தற்செயலானதன்று. பெல்ஜியத்திலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சியைக் காணலாம். பிரசெல்ஸ் நகரிலே 2001இல் ஆரம்பித்து, பின்னர் 'பொஸ்டெம்' எனப் பெயர்பெற்ற ஒன்றுகூடல், பிரசெல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபங்களிலே வார இறுதியில் நடைபெறலாயிற்று. கட்டணமோ முன்பதிவோ இன்றி எவரும் அதிற் கலந்துகொள்ளலாம். விரிவுரைகள் இல்லாத நாளில் வெறுமையாய்க் கிடக்கும் மண்டபம், பணமற்றோர் கூடுதற்கு எத்துணை பயனளிக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

ஸ்கேல் பின்னர் பல்கலைக்கழக வளாகத்தை விட்டு நீங்கிற்று. 2016 முதல் பசடீனா நகர மாநாட்டு மண்டபத்திலே கூடியது. பெருந்தொற்றுக் காரணமாக 2021இல் நேரிற் கூட இயலாது போயிற்று. 2022 யூலையில் லொஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தை அண்டிய ஹோட்டலொன்றிற் கூடி, 2023இல் மீண்டும் பசடீனாவை அடைந்தது. இடம் பலமுறை மாறியும் விழா அறுந்துபோகவில்லை. நோர்டெல் அலுவலகம் மூடப்பட்டதோடு லக்பெஸ்ற் நின்றுபோனமையையும் இதனையும் ஒப்பிடின் வேறுபாடு தெளிவாகும். முன்னையது ஒரு குழுவின் உழைப்பையும் ஒரு கம்பனியின் கூரையையும் நம்பியிருந்தது. பின்னையது பல குழுக்களின் இணைப்பில் எழுந்து, தனக்கெனத் தொண்டர் பரம்பரையொன்றை உருவாக்கிக்கொண்டது.

உரிமம் நிரலைப் பாதுகாக்கும். அது மனிதரைக் கூட்டிவைக்காது. தாமே கற்று, தாமே கற்பிக்கும் சமூகம் நிலைபெறுவதற்கு, ஒரு கதவு மூடப்படும்போது அடுத்த கதவைத் திறக்கவல்ல அயற்குழுக்களின் உறவு இன்றியமையாதது. தென் கலிபோர்னியாவிலே அக்கதவைத் திறந்தோருள் பல்கலைக்கழகப் பயனர் குழுக்களும் இருந்தன என்பது பல்கலைக்கழகச் சமூகத்தினர் மனங்கொள்ள வேண்டிய செய்தியாகும்.