ஏட்டில் ஏறாத நகைச்சுவை

மராட்டிய நாட்டின் தமாஷாக் கலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் லாவணிப் பாடலையும் டோல்கியின் முழக்கத்தையும் சொல்லி நிறுத்திவிடுவர். அவ்விரண்டும் சிறப்புடையனவே. எனினும், நள்ளிரவு கடந்த பின்னும் மக்களை இருந்த இடத்தை விட்டு எழாதபடி கட்டிவைப்பவன் வேறொருவன். அவனுக்குச் சோங்காட்யா என்று பெயர். தெருக்கூத்தின் கட்டியக்காரனை அறிந்த தமிழர்க்கு அவனை விரிவாக அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. கதையின் போக்கை மட்டும் மனத்திற்கொண்டு, எதிரே அமர்ந்திருக்கும் அவையைப் பார்த்து, அக்கணமே சொல்லைப் பிறப்பிப்பது அவன் தொழில்.

தமாஷா, 18-ஆம் நூற்றாண்டில் பேஷ்வாக்கள் காலத்தில் செழித்த கலை. ராம் ஜோஷி, ஹோனாஜி பாளா முதலிய கவிஞர்கள் அந்நாட்களில் இயற்றிய லாவணிகள் ஏட்டில் ஏறின; பின்னர் அச்சிலும் வந்தன. ஆனால் அப்பாடல்களுக்கு இடையே மக்களை நகைக்க வைத்தவன் சொன்ன சொற்கள் அவ்விரவோடு காற்றில் கலந்தன.

தமாஷாவின் அமைப்பே இத்தகைய பேச்சுக்கு இடம் கொடுப்பது. முதலில் கணபதி துதி. அடுத்து, கௌளண் என்னும் பகுதி. பால், தயிர் விற்க மதுரா நகர்ச் சந்தைக்குச் செல்லும் ஆயர் மகளிரைக் கண்ணன் வழிமறித்துச் சுங்கம் கேட்பான். கண்ணனுக்குத் துணையாகப் பேந்த்யா என்னும் தோழன் வருவான். மகளிருக்குத் துணையாக மாவ்ஷி என்னும் கிழவி வருவாள். மாவ்ஷி வேடம் பூணுபவர் ஆடவரே. இறுதியில் வருவது வக் என்னும் நாடகம். இவற்றுள் பாட்டு முன்னரே அமைந்தது. பேச்சோ பெரும்பாலும் அன்றைக்கு அமைவது.

புனே மாவட்டத்து ஊர்த் திருவிழா ஒன்றில் நான் கண்ட ஆட்டம் நினைவுக்கு வருகிறது. கண்ணன் சுங்கம் கேட்டான். மாவ்ஷி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இந்தச் சுங்கம் சாலைக்கா, சாலையில் உள்ள பள்ளங்களுக்கா?" என்று வினவினாள். பேந்த்யா சற்றும் தயங்காமல், "சாலை இலவசம் பாட்டி, பள்ளங்களுக்குத்தான் கட்டணம். அவற்றைத் தோண்ட எவ்வளவு செலவாயிற்று தெரியுமா?" என்றான். பின்வரிசையில் அமர்ந்திருந்த லாரி ஓட்டுநர்கள் எழுப்பிய சிரிப்பொலியில் அடுத்த வசனம் எவர் காதிலும் விழவில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான், அன்று எதனையும் மனத்தில் பெயர்த்துப் பார்க்காமல் அவர்களோடு சேர்ந்தே சிரித்தேன். பிற மாநிலத்தில் வாழ்பவனுக்கு அவ்வூர் மொழியில் இறுதியாக வசப்படுவது நகைச்சுவை. அது வசப்பட்டபோது அவ்வூரும் ஓரளவு தன் ஊராகிவிடுகிறது.

இச்சிரிப்பின் பின்னே வரலாற்றில் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. தமாஷாக் கலைஞருள் மிகப் பலர் மஹார், மாங்கு, கோல்ஹாட்டி முதலிய சமூகங்களைச் சேர்ந்தவர்கள். பகலில் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட அவர்கள், இரவில் ஊரின் நடுவே நின்று பேசினர். பகலில் கேட்க இயலாத கேள்வியை வேடம் பூண்டு கேட்டனர். எழுதிவைக்காத வசனம் அவர்களுக்கு ஒருவகைக் கவசம். ஆங்கில அரசு 1876-ஆம் ஆண்டில் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை இயற்றி, தனக்கு ஒவ்வாத நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தைப் பெற்றது. ஆனால் எழுதப்படாத பேச்சை முன்கூட்டியே படித்துப் பார்க்க எந்த அதிகாரியால் இயலும்? அச்சட்டம் 2018-ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தில் எம். ஆர். ராதா அன்றைய செய்தித்தாளை மேடையிலேயே படித்து விமரிசனம் செய்ததை நம் முந்திய தலைமுறை வியந்து பேசியது. அங்கு 1954-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டில் செல்லாதென்று தீர்ப்பளித்தது.

மராட்டியச் சீர்திருத்தவாதிகளும் இக்கலையின் ஆற்றலை உணர்ந்தனர். ஜோதிராவ் புலே 1873-ஆம் ஆண்டில் நிறுவிய சத்யசோதக் சமாஜத்தின் கருத்துக்களைப் பரப்பிய ஜல்சாக்கள், தமாஷாவின் அமைப்பைத் தழுவியவை. மாங்கு சமூகத்தில் பிறந்த அண்ணாபாவ் சாட்டே (1920–1969) இக்கலையை ஆலைத் தொழிலாளரின் குரலாக்கினார். 1965-ஆம் ஆண்டில் வசந்த் சப்னிஸ் எழுதிய 'விச்சா மாஜி புரி கரா' நாடகத்தில் ஹவல்தாராக நடித்த தாதா கோண்ட்கே, அன்றன்றைய அரசியலைத் தொட்டுப் புதுப்புதுச் சொற்களைச் சேர்த்துக்கொண்டே போனார். அந்நாடகம் 1,500 முறைக்கு மேல் நடந்தது. சப்னிஸ் எழுதியது நூலாக நிற்கிறது. கோண்ட்கே மேடையில் சேர்த்ததோ பார்த்தவர் நெஞ்சிலேயே பெரிதும் தங்கியது.

கவசமாய் இருந்த அதே இயல்பு, கலைஞனுக்கு இழப்பாகவும் முடிந்தது. பாடல் புனைந்தவன் பெயர் நின்றது. நகைக்க வைத்தவன் பெயர் பெரும்பாலும் மறைந்தது. அவனுக்குப் பார்த்தவர் நினைவன்றி வேறு ஏடு இல்லை.

புனே மாவட்டத்து நாராயண்காவ் என்னும் ஊரில், திருவிழாக் காலம் நெருங்கும்போது தமாஷாக் குழுக்கள் கூடாரம் அடித்து அமர்ந்திருக்கும். கிராமத்தார் வந்து பேசி முன்பணம் கொடுத்துச் செல்வர். மராட்டியத்தில் வாழும் தமிழன்பர்கள் வாய்ப்பு நேரும்போது ஓர் இரவேனும் அமர்ந்து காண்பார்களாக. மறுநாள் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, கதையோடு அன்று யார் என்ன சொல்லிச் சிரிக்க வைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வார்களாக.