எண்ணெய் யாருடையது என்று நிறுவும் சுமை யாருக்கு?

எண்ணெய், எரிவாயுத் தொழிலின் மாசு குறித்து ஊர்மக்கள் கொடுக்கும் புகார்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் முட்டி நின்றுவிடுகின்றன: 'இது யார் விட்ட கழிவு என்று காட்ட முடியுமா?' இக்கேள்விக்கு விடை சொல்லும் சுமையைப் புகார்தாரர் தலையில் வைக்கும் எந்த ஏற்பாடும் புகாரைத் தீர்க்காது, ஆறப்போடவே செய்யும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மலேசியாவின் பட்டர்வொர்த்துக்குத் தெற்கே ஜூரு ஆற்றின் முகத்துவாரத்தில் குவாலா ஜூரு என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. 1970களில் பிறைத் தொழிற்பேட்டை வளர வளர அந்த ஆறு கெட்டது, மீன்பாடு குறைந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் மீனவர்களின் குறையை நாடறியச் செய்தது. குவாலா ஜூருவைக் கெடுத்தது கச்சா எண்ணெய் அன்று. ஆலைக் கழிவும் பன்றிப்பண்ணைக் கழிவும் கலந்த நீர். எனினும் எண்ணெய் வழக்குகளின் சிக்கல் அத்தனையும் அங்கே முன்கூட்டியே தென்பட்டது. கழிவை விட்டவர் பலர், ஆறு ஒன்று. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டலாம். மீனவர் கையில் இருந்தது வெறும் வலை.

மலேசியாவின் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் நாட்டின் நீர்ப்பரப்பில் எண்ணெய் விடுவதைத் தனியாகவே தடைசெய்கிறது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் உச்ச அபராதத்தை ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது. வரவேற்கத்தக்கதுதான். ஆனால் அபராதம் அரசுக்குப் போகும் பணம். பாதிக்கப்பட்டவர் அச்சட்டத்தின்கீழ் இழப்பீடு கேட்க வேண்டுமானால், முதலில் ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பாக வேண்டும். அதுவும் சொத்துக்கு நேர்ந்த இழப்புக்கே. ஆற்றில் நீந்தும் மீன் மீனவரின் சொத்தாகுமா? அவர் இழந்த நாட்களுக்கு எந்த ரசீதும் கிடையாது.

சென்னையை அடுத்த எண்ணூரில் நடந்ததை இங்கே வைத்துப் பார்க்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. தன் குழாய்களில் கசிவில்லை என்றது மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் சென்னை பெட்ரோலியக் கழகம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ அவ்வாலை வளாகத்து மழைநீரோடு எண்ணெய் வெளியேறியதைச் சுட்டியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இந்த வாதங்கள் நடந்துகொண்டிருக்கையில் மீனவர்கள் வெறுங்கையால் எண்ணெயை அள்ளினார்கள். பிறகு மாநில அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது: 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, 787 படகுகளுக்குத் தலா 10,000. குற்றம் யாருடையது என்று முடிவாகும்வரை காத்திராமல் பணம் தரப்பட்டது சரியான முறை. ஆனால் அந்தப் பணத்தைக் கொடுத்தது பொதுக் கருவூலம். அது தொழிற்சாலைகள் முன்கூட்டியே கட்டிவைத்த நிதியிலிருந்து வந்திருக்க வேண்டும்.

நிறுவும் சுமையை மாற்றினால் குற்றமற்ற நிறுவனமும் சிக்கிக்கொள்ளுமே என்று கேட்பார்கள். சிக்காது. ஒவ்வொரு எண்ணெய்க்கும் அதன் வேதிக் கலவையில் தனி அடையாளம் உண்டு. அதிலுள்ள ஹோப்பேன் போன்ற சேர்மங்கள் வெயிலிலும் அலையிலும் எளிதில் அழிவதில்லை. ஆற்றில் எடுத்த மாதிரியையும் கிடங்கில் எடுத்த மாதிரியையும் ஒப்பிட்டால் உறவு தெரிந்துவிடும். கிடங்கு மாதிரியும் தொட்டியின் அன்றாட இருப்புக் கணக்கும் நிறுவனத்திடம் மட்டுமே உள்ளன. தன்னிடமுள்ள சான்றைக் காட்டித் தன்னை விடுவித்துக்கொள்வது அதற்கு எளிது. மீனவருக்கோ ஒருபோதும் முடியாதது.

2011இல் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்ற வழிகாட்டு நெறிகள், நிறுவனங்கள் தாமே குறைதீர்ப்பு ஏற்பாடு வைக்க வேண்டும் என்றன. எண்ணெய் நிறுவனங்கள் பலவும் இதைச் செய்கின்றன. துர்நாற்றம், சத்தம், லாரிப் புழுதி போன்ற குறைகளுக்கு இது பயன்படும். நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த பிறகு, புகாருக்கு ஆளானவரே புகாரை விசாரிப்பது நீதியாகாது.

புகாருக்கு ஆளாகாத அமைப்புகள் விசாரித்தாலும் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடாது என்பதை யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் காட்டியது. மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாகத் தேசிய நீர் வழங்கல் சபையின் சோதனைகள் காட்டின. மாகாண சபை அமைத்த நிபுணர் குழு மாறாகச் சொன்னது. மக்கள் எதை நம்பித் தண்ணீர் குடிப்பது? 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி அந்த மின் நிலையத்தை நடத்திய நொதர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு தர வேண்டும் என்றது. ஒருவருக்கு அதிகபட்சம் 40,000 ரூபா. ஒரு கிணற்றின் விலைக்கு அது ஈடாகாது. ஆயினும் குற்றவியல் தண்டனைக்குக் காத்திராமல், அடிப்படை உரிமை மனுவிலேயே இழப்பீடு தர முடியும் என்று அத்தீர்ப்பு காட்டிவிட்டது.

அபராதத்தை உயர்த்திய மலேசிய நாடாளுமன்றம் அடுத்த திருத்தத்தில் இரண்டைச் சேர்க்க வேண்டும்: கிடங்கு மாதிரியைச் சுற்றுச்சூழல் துறையிடம் முன்கூட்டியே ஒப்படைக்கும் கடமை, குற்றத் தீர்ப்புக்கு முன்பே மீனவருக்கு இடைக்கால இழப்பீடு.