மயில், மக்பை, கனடா வாத்து: துணிந்த பறவைகளோடு ஒரே தெருவில் வாழ்வது

விரத நாளில் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைத்த பிறகுதான் எங்கள் வீடுகளில் இலை போடுவார்கள். குசினிக் கதவடியில் நின்று அம்மா "கா, கா" என்று கூப்பிட, முருங்கையில் இருந்த காகம் இறங்கி வரும். அது வாய் வைத்தால்தான் மனம் ஆறும். ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது கையில் ஒன்றையும் எடுக்க முடியாமல் வந்தவர்களும் இந்தப் பழக்கத்தைக் கூடவே கொண்டுவந்தார்கள்.

ஆனால் ஸ்காபுரோவில் பின்வளவில் வைக்கும் சோற்றுக்குக் காகம் மட்டும் வருவதில்லை. கடற்காகம் வருகிறது, அணில் வருகிறது, இரவில் ரக்கூனும் எலியும் வருகின்றன. பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார். கடைசியில் மாநகரசபையின் கடிதம் வருகிறது.

வேறு சில வீடுகளில் கதை மறுபக்கமாக நடக்கிறது. மெல்பேர்ணில் எமக்குத் தெரிந்த ஒரு அப்பப்பா, தலையில் ஒரு பறவை வந்து அடித்துவிட்டது என்று செப்ரெம்பர் மாதம் முழுவதும் வெளியே இறங்கவில்லை. ஆங்கிலம் அதிகம் பேசாத, கார் ஓடாத அந்த மனிதருக்குக் காலை நடை ஒன்றுதான் யாருடைய துணையும் இல்லாமல் செய்யக்கூடிய காரியம். ஒரு பறவை அதையும் நிறுத்திவிட்டது.

பறவைகள் மனிதரிடம் துணிந்து வருவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் உண்டு. ஒன்று, கூடும் குஞ்சும் இருக்கும் இனப்பெருக்க காலம். மற்றது, மனிதர் கையிலிருந்து கிடைத்துப் பழகிய தீனி. முதலாவதை எங்களால் மாற்ற முடியாது, சில வாரங்கள் ஒதுங்கிப் போகலாம். இரண்டாவது முழுக்க முழுக்க எங்கள் கையில் இருக்கிறது. எந்தப் பறவை எந்தக் காரணத்தால் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பயமும் குறையும், பிரச்சினையும் குறையும்.

மயில்

மயில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான பறவை. வன்னிக் காடுகளிலும் வயல் ஓரங்களிலும் பார்த்து வளர்ந்த எமக்கு அது முருகனின் வாகனம். அதே பறவை இன்று கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா நகரங்களின் தெருக்களில் திரிகிறது. அது தானாகப் பறந்து போகவில்லை. அழகுக்காகக் கொண்டுபோய் வளர்த்தவர்கள் விட்டுவிட்டுப் போக, அங்கேயே பெருகியது.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் சர்ரே நகரில் சல்லிவன் ஹைற்ஸ் என்ற குடியிருப்பில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அங்கே முன்பு வசித்த ஒருவர் விட்டுப்போன மயில்கள் பல ஆண்டுகளாகப் பெருகி வந்தன. அயலவர்களில் சிலர் அவற்றை விரும்பித் தீனி போட்டார்கள். வேறு சிலர் நித்திரை இல்லாமல் தவித்தார்கள். 2018இல் ஒருவர், மயில்கள் இரவில் தங்கும் மரத்தை அனுமதியின்றி வெட்டி வீழ்த்தி 1,000 டொலர் அபராதம் கட்டினார். மாநகரசபை மயில்களைப் பொறிவைத்துப் பிடித்து வேறு இடங்களுக்கு அனுப்பத் தொடங்கியதுடன், தீனி போடுவோருக்கு 250 டொலர் அபராதமும் விதித்தது. அதே ஆண்டில் அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரில், நரபண்டா பகுதி மயில்களைப் பிடிக்கும் திட்டத்தை அரசு முன்வைத்தபோது அங்குள்ள மக்களும் இரண்டுபட்டார்கள். லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டமும் 2021இல் மயிலுக்குத் தீனி போடுவதைத் தடை செய்தது. மூன்று இடத்திலும் பறவையைவிட அயலவர்களுக்கிடையிலான மனஸ்தாபமே பெரிதாகிப் போனது.

மயில் ஏன் காரைக் கொத்துகிறது? இளவேனிலிலும் கோடையின் தொடக்கத்திலும் ஆண்மயில் தன் இடத்தைக் காக்கும். கறுப்பு நிறக் கார்களின் பளபளப்பான கதவில் தன் உருவம் தெரிந்தால், வேறொரு ஆண்மயில் வந்துவிட்டது என்று நினைத்துக் கொத்தும், கால் நகத்தால் கீறும். விடியப்புறத்தில் அது போடும் சத்தமும் இந்தக் காலத்துக்கு உரியதுதான். வட நாடுகளில் ஓகஸ்ட் அளவில் தோகை உதிர, இரண்டும் அடங்கிவிடும்.

செய்யக்கூடியவை எளிமையானவை. அந்த மாதங்களில் காரை உள்ளே விடுங்கள், அல்லது துணி உறையால் மூடுங்கள். பூனை, நாய்களின் சாப்பாட்டை வெளியே வைக்காதீர்கள். முற்றத்துக்கு வரும் மயிலைத் தண்ணீர்க் குழாயால் இலேசாக விசிறினால் போய்விடும். பெண்மயில் செடிகளுக்கு அடியில் நிலத்தில் முட்டையிட்டு ஏறத்தாழ 28 நாட்கள் அடைகாக்கும். ஆகவே வசந்தத்திற்கு முன்பே பற்றைகளைத் துப்புரவாக வைத்திருப்பது நல்லது.

குளிரில் நடுங்குகிறது என்று மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைக் கடையெழு வள்ளல்களில் ஒருவராகப் போற்றும் இனம் நாம். அந்தக் கை இன்று மயிலுக்குப் பாணும் சோறும் போட்டால் அது கொடையாகாது. மனிதரை நம்பிப் பெருகும் மயில்தான் கடைசியில் பொறிக்குள் அகப்படுகிறது.

மக்பை

அவுஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்குக் கறுப்பு வெள்ளை மக்பையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஓகஸ்ட் முதல் ஒக்ரோபர் வரை, கூட்டில் முட்டையும் குஞ்சும் இருக்கும் சில வாரங்களில், ஆண் பறவை பின்னாலிருந்து தாழப் பறந்து வந்து தலையில் அடிக்கும். எல்லா மக்பையும் இப்படிச் செய்வதில்லை. ஆண் பறவைகளில் பத்தில் ஒன்று அளவானவையே தாக்குகின்றன. அவற்றிலும் சில நடந்து போவோரை மட்டும், சில சைக்கிளில் போவோரை மட்டும் குறிவைக்கும்.

இந்தப் பறவை மனிதரின் முகத்தை நினைவில் வைத்திருக்கும். ஒரே இடத்தில் பல ஆண்டுகள் வாழும். ஆகவே கல்லால் எறிந்தவரை அது அடுத்த வருடமும் தேடி வரும். பிள்ளைகளுக்கு நாம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

ஆபத்து பெரும்பாலும் அலகில் இல்லை, பயத்தில் நாம் எடுக்கும் ஓட்டத்தில் இருக்கிறது. 2019இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 76 வயதான ஒருவர், மக்பையிடமிருந்து தப்பச் சைக்கிளைத் திருப்பி வேலிக் கட்டையில் மோதி உயிரிழந்தார். 2021இல் பிறிஸ்பேன் பூங்கா ஒன்றில், பறவைக்கு விலகிய தாய் தடுக்கி விழுந்ததில் அவர் கையிலிருந்த ஐந்து மாதக் குழந்தை இறந்துபோனது. எனவே பறவை வந்தால் ஓடாதீர்கள். சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். குழந்தையைக் கையில் தூக்காமல் மூடியுள்ள தள்ளுவண்டியில் வையுங்கள். அகன்ற தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கண்ணைக் காக்கும். குடை பிடித்தால் இன்னும் நல்லது. முடிந்தால் அந்த மரம் நிற்கும் தெருவையே ஆறு வாரம் தவிர்த்து வேறு வழியால் போங்கள்.

கனடா வாத்து

ரொறன்ரோ, மார்க்கம் பகுதிகளில் ஏரிக்கரையிலும், கடைத்தொகுதிகளின் வாகனத் தரிப்பிடப் புல்திட்டுகளிலும் கழுத்தை நீட்டிச் சீறும் இந்தப் பறவையை அறியாதவர் இல்லை. இதன் மிகப் பெரிய வகை அழிந்துவிட்டது என்றே ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1962இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு கூட்டம் மீண்டும் இனங்காணப்பட்டது. பின்னர் தென் ஒன்ராறியோவிலும் அது திரும்பக் குடியேற்றப்பட்டது. வெட்டிய புல்லும், நீர்நிலையும், தீனி போடும் மனிதரும் இருந்ததால் நகரங்களில் அது பெருகியது.

ஏப்ரல், மே மாதங்களில் பெண் வாத்து ஏறத்தாழ 28 நாட்கள் அடைகாக்கும்போது ஆண் காவல் நிற்கும். கழுத்தைத் தாழ்த்திச் சீறினால், "இதற்குமேல் வராதே" என்று பொருள். முதுகைக் காட்டி ஓட வேண்டாம். அதன் முகத்தைப் பார்த்தபடியே மெல்லப் பின்னால் நகருங்கள். 1994ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டப்படி, அனுமதியின்றி அதன் கூட்டையோ முட்டையையோ தொடுவது குற்றம். வீட்டு வளவில் கூடு கட்டினாலும் இதே விதிதான்.

கடற்காகம்

பிரித்தானியாவில் விடுமுறைக்குக் கடற்கரை நகரங்களுக்குப் போகும் எம்மவர், பிள்ளையின் கையிலிருந்த சிப்ஸைக் கடற்காகம் பறித்துப்போன கதையுடன் திரும்புவார்கள். இது தீனியால் பழகிய துணிவு. எக்செற்றர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் நேராக உற்றுப் பார்த்தபோது இந்தப் பறவைகள் உணவை நெருங்கச் சராசரியாக 21 செக்கன் கூடுதலாக எடுத்தன. ஆகவே சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, பறவையைப் பார்த்தபடி சாப்பிடுங்கள். ஜூன், ஜூலை மாதங்களில் கூரையிலிருந்து குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் பெற்றோர் பறவைகள் தாழப் பறந்து விரட்டும். குஞ்சைத் தூக்காமல் விலகிப் போனால் போதும். எரிச்சலூட்டினாலும் இது குறைந்துவரும் இனம். 1981ஆம் ஆண்டுச் சட்டம் அதன் கூட்டையும் காக்கிறது.

எல்லோரும் நினைவில் வைக்க வேண்டியவை

பறவை கண்ணில் கொத்தினால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். தோலில் கீறல் என்றால் சவர்க்காரமும் தண்ணீரும் இட்டு நன்றாகக் கழுவுங்கள். அண்மைய ஆண்டுகளில் பறவைக் காய்ச்சல் பல நாடுகளில் பரவியிருப்பதால், இறந்து கிடக்கும் வாத்தையோ கடற்காகத்தையோ பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொல்லை தாங்க முடியாமல் போனால் நாமாகப் பொறி வைப்பதோ நஞ்சு வைப்பதோ எம்மைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடலாம். மாநகரசபைக்கு அறிவியுங்கள். ஆங்கிலம் தெரியாத பெரியவர்களுக்காகப் பிள்ளைகள் அந்த அழைப்பை எடுத்துக் கொடுக்கலாம்.

அப்படியானால் காகத்துக்கு வைக்கும் சோறு? முதலில் உங்கள் நகரத்தின் விதியைப் பாருங்கள். ரொறன்ரோவில் 2023 ஏப்ரல் முதல், வீட்டு வளவிலும் காட்டு விலங்குகளுக்குத் தீனி போடத் தடை இருக்கிறது. சிறு பறவைகளுக்கான தீன்கூடுகளுக்கு மட்டும் நிபந்தனைகளுடன் இடமுண்டு. தடை உள்ள இடத்தில் படைத்த பிடியைச் சுவாமி அறையில் வைத்துவிட்டு நாமே உண்ணலாம். தடை இல்லாத இடத்தில் ஒரு பிடி மட்டும் வையுங்கள், பார்த்துக்கொண்டு நில்லுங்கள், மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள். ஊரிலும் அம்மா அப்படித்தான் செய்தார். ஒரு பிடிதான் வைத்தார், காகம் தின்று முடியும்வரை அங்கேயே நின்றார்.

மெல்பேர்ண் அப்பப்பா இப்போது மறுபடி நடக்கிறார். பேரன் அந்த மரத்தை அவருக்குக் காட்டிக் கொடுத்தான். செப்ரெம்பரில் மட்டும் இருவரும் அடுத்த தெருவால் சுற்றிப் போகிறார்கள், மழை இல்லாவிட்டாலும் குடையோடு. நொவெம்பர் வந்ததும் அவர் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் பழைய வழியால் போகிறார்.