குடும்ப வேன்: தென்காசி, குற்றாலம் வட்டாரம்

ஏழெட்டுப் பேர் மூன்று வரிசைகளில் உட்கார்ந்து போகும் கார் வகையே இங்கு குடும்ப வேன் எனப்படுகிறது. 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான தென்காசியில் இதற்கு ஆண்டுக்கு இரண்டு முறை பெருந்தேவை எழுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழும்போது குடும்பம் குடும்பமாகக் குற்றாலத்துக்கு வருகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்குப் போகிறார்கள். பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரே வண்டியில் ஏறும் பயணங்கள் இவை. ஆகவே வேன் வாங்குவது இப்பகுதியில் வீட்டார் எல்லாரும் கூடிப் பேசி எடுக்கும் முடிவு.

மாருதி நிறுவனம் 1984இல் கொண்டுவந்து, பின்னர் ஆம்னி எனப் பெயரிட்ட சிறு வேன்தான் நடுத்தரக் குடும்பங்களுக்கு இந்த வசதியை முதலில் எட்டச் செய்தது. 796 சிசி எஞ்சின், தள்ளித் திறக்கும் பக்கக் கதவு. நெரிசலான இடத்திலும் எளிதாக இறங்கலாம். ஆனால் ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் காப்பாக இருந்தது மெல்லிய தகடு மட்டுமே. 2019இல் அதன் உற்பத்தி நின்றது. இடையில் 1994இல் டாடா சுமோ, 2000இல் டொயோட்டா குவாலிஸ், 2005இல் இன்னோவா, 2012இல் மாருதி எர்டிகா ஆகியவை வந்தன. ஒரகடத்தில் தயாராகும் ரெனோ டிரைபர் 2019இலும், கியா காரென்ஸ் 2022இலும் சந்தைக்கு வந்தன.

வேனின் தரத்தை முன் சீட்டிலிருந்து மதிப்பிடுவது பெரும் பிழை. மதுரையிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ 160 கி.மீ.; ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் என்று ஊருக்கு ஊர் நின்று போகும் சாலை. இவ்வளவு நேரமும் கடைசி வரிசையில் இருப்பவர் முழங்கால் நெஞ்சை முட்ட உட்கார்ந்தால், அந்த வண்டியை ஏழு பேர் வண்டி என்று சொல்வதில் பொருளில்லை. ஷோரூமுக்குப் போகும்போது வீட்டில் உயரமானவரைப் பின்னால் உட்காரவைத்து, கால் மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். தொடைக்கு அடியில் சீட் தாங்குகிறதா, மூன்றாம் வரிசைக்கென ஏசி காற்று வருகிறதா, நடுச் சீட்டை ஒரே கையால் மடிக்க முடிகிறதா என்று கவனிக்க வேண்டும். மூட்டுவலி உள்ள பெரியவர் யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்குகிறாரா என்பது இவை எல்லாவற்றையும் விட முக்கியம்.

எல்லாச் சீட்டும் நிறைந்த பிறகு மூட்டை வைக்க எவ்வளவு இடம் மிஞ்சும் என்பது அடுத்த கேள்வி. எர்டிகாவில் சுமார் 209 லிட்டர், டிரைபரில் 84 லிட்டர்தான். டிரைபரின் கடைசிச் சீட்டுகளைக் கழற்றி வைத்தால் 625 லிட்டர் கிடைக்கும். ஐந்து பேர் குடும்பத்துக்கு அது தாராளம். சிஎன்ஜி வண்டியில் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும். அருவியில் குளித்து வந்த ஈரத்துணிப் பைகளை அப்போது மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் வரை சாலை சமதளம். ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் எந்த வண்டியும் போகும். உண்மையான சோதனை புளியரைக்கு மேலே, எஸ் வளைவிலிருந்து கோட்டைவாசல் வரை உள்ள ஏற்றத்தில்தான். கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையின் இப்பகுதியில் சரக்கு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, நின்று, மீண்டும் கிளம்ப வேண்டும். டிரைபரின் ஒரு லிட்டர் எஞ்சினுக்கு இழுவிசை 96 நியூட்டன் மீட்டர், ஒன்றரை லிட்டர் எர்டிகாவுக்குச் சுமார் 137, இன்னோவா கிரிஸ்டா டீசலுக்கு 343. ஏழு பேரோடு ஏறும்போது இந்த வேறுபாடு கிளட்ச்சில் தெரியும். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் இரண்டாம் கியரில் வருவது நல்லது. பிரேக் சூடேறிப் பிடி தளர்வதை அது தடுக்கும்.

சாரல் காலத்தில் நனைந்த உடம்போடு எல்லாரும் ஏறியதும் கண்ணாடி முழுதும் ஆவி படியும். குளிர்ந்தாலும் ஏசியைப் போட்டால்தான் தெளியும். பின் கண்ணாடிக்கு டிபாகரும் வைப்பரும் உள்ள வண்டியே இங்கு ஏற்றது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பார்க்க வேண்டும்: 2323 என்றால் அது 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. வெயிலில் நின்றே பழசான டயர், பட்டன் தேயாமல் இருந்தாலும் ஈரச் சாலையில் வழுக்கும்.

மோதல் சோதனை மதிப்பெண்களைத் தேதியோடு சேர்த்தே படிக்க வேண்டும். குளோபல் என்கேப் சோதனையில் எர்டிகா 2019இல் மூன்று நட்சத்திரம் பெற்றது. விதிகள் கடுமையான பின் 2024இல் ஆப்பிரிக்கச் சந்தைக்கான எர்டிகாவுக்கு ஒன்றே கிடைத்தது. 2018இல் மகிந்திரா மராசோவும் 2021இல் டிரைபரும் பெற்ற நான்கு நட்சத்திரங்கள் பழைய விதிப்படி. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் இந்தியாவிலேயே சோதிக்கிறது. ஆனால் ஏழு சீட்டில் பத்துப் பேரை ஏற்றி, குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு போனால் எந்த நட்சத்திரமும் காப்பாற்றாது. பின் சீட்டிலும் பெல்ட் போடுவது சட்டப்படி கட்டாயம்.

பழைய வண்டி வாங்குவோர் இப்பகுதியில் இன்னோவா டீசலையே முதலில் தேடுகிறார்கள். உறுதியான அடிச்சட்டம், பின்சக்கர இழுவை, பழகிய மெக்கானிக்குகள் ஆகியவை காரணம். எர்டிகா டீசல் 2020 ஏப்ரலோடு நின்றுபோனதால் கிடைப்பவை எல்லாம் அதற்கு முந்தியவை. டாக்சியாக ஓடிய வண்டியா என்பதை ஆர்சி புத்தகத்தில் பார்த்தபின், சர்வீஸ் பதிவோடு கிலோமீட்டரை ஒப்பிட வேண்டும். வாங்கிய சொந்த வண்டியைச் சீசனில் வாடகைக்கு விடும் வழக்கமும் உண்டு. வெள்ளை எண் பலகையோடு வாடகைக்கு ஓடும்போது விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். மஞ்சள் பலகைக்கு மாற்றி, கேரள எல்லைக்கு அப்பால் செல்ல உரிய பெர்மிட்டும் எடுத்த பிறகே அந்தத் தொழிலில் இறங்க வேண்டும்.