வன்னியின் அமைதிக்கு ஒரு வரலாறு உண்டு

வவுனியாவைக் கடந்து ஏ-9 வீதியில் வடக்கு நோக்கிச் செல்பவர்கள் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என ஊர்ப் பெயர்களைப் பலகைகளில் வாசித்துக்கொண்டே போகலாம். இருமருங்கும் பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த காடு. மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான், அதற்கப்பால் முள்ளியவளை. கொழும்பிலிருந்தோ இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ விடுமுறைக்கு வருபவர்கள் ஒரு குளக்கட்டில் சிறிது நேரம் நின்றுவிட்டு, "எவ்வளவு அமைதியான இடம்" என்று வியப்பதுண்டு. அந்த வியப்பில் பொய்யில்லை. ஆனால் அந்த அமைதியைக் காடும் குளமும் மட்டும் தந்துவிடவில்லை. கடந்த இருநூறு ஆண்டுகளில் வன்னி பலமுறை அமைதியடைந்தது, அங்கே வாழ்ந்தவர்கள் இல்லாமற்போனதனாலேயாகும். இதனை மறந்துவிட்டு வன்னிக் கிராமத்தின் வாழ்வைப் பற்றிப் பேசுவது அரைகுறைப் பேச்சாகவே முடியும்.

குளமே ஊர்

வன்னியில் ஊர் என்பது குளத்தோடு பிறப்பது. மேலே குளம், கட்டிலே பிள்ளையாரோ ஐயனாரோ, கட்டின் கீழே வயல், வயலை அடுத்து வீடுகள், அவற்றைச் சுற்றிக் காடு. வடகீழ்ப் பருவமழையை நம்பிக் காலபோகம்; குளத்தில் எஞ்சிய நீரை அளந்து சிறுபோகம். துருசைத் திறக்கும் நாளும் மூடும் நாளும் ஊரின் நாட்காட்டியாக இருந்தன. குளம், மடு, மோட்டை, கேணி என முடியும் ஊர்ப் பெயர்கள் எல்லாம் நீரையே சுட்டி நிற்கின்றன. தண்ணிமுறிப்பு போன்ற பெயர்களில் வரும் 'முறிப்பு' என்ற சொல் குளக்கட்டு உடைந்த இடத்தைக் குறிப்பதாகக் கொள்வர். உடைவையும் பெயராக வைத்துக்கொண்டு வாழ்ந்த மக்கள் அவர்கள்.

அந்த ஊர்கள் ஒலியற்றவையாக ஒருபோதும் இருந்ததில்லை. கதிர் முற்றும் காலத்தில் இரவு முழுவதும் காவற் கொட்டில்களில் விழித்திருந்து பன்றியையும் யானையையும் விரட்ட வேண்டும். பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு என வழங்கும் வன்னி நாட்டார் பாடல்கள் இத்தகைய உழைப்போடு ஒட்டியவை. நகரத்தவர் காதுக்கு அமைதியாகத் தோன்றும் வன்னி இரவு, வயற்காரனுக்கு வேலை நேரமாகும்.

வெறுமையான நூற்றாண்டு

ஐரோப்பியர் வருகைக்கு முன்னரும் பின்னரும் பனங்காமம், முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிகட்டுமூலை, தென்னமரவடி முதலிய பிரிவுகளை வன்னியர் தலைவர்கள் ஆண்டுவந்தனர். யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அவர்களிடமிருந்து யானைகளைத் திறையாகப் பெற்றனர். திறை ஒழுங்காக வந்து சேரவில்லை என்பது அவர்களின் நெடுநாளைய முறைப்பாடு. 1782 இல் ஒல்லாந்தர் வன்னியைப் படைகொண்டு அடக்கினர். அங்கு நிர்வாகியாக இருந்த தோமஸ் நாகெல் 1793 இல் வன்னியைப் பற்றி எழுதி வைத்த அறிக்கை இன்றும் ஆய்வாளர்களுக்கு உதவுகின்றது.

ஆங்கிலேயர் காலத்தில் 1803 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் திகதி கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்தது. அந்தத் தோல்வியைக் குறித்து ஆங்கிலேயர் நாட்டிய கல்லைப் பற்றி வாசகர்கள் பலரும் அறிவர். போரோடு எல்லாம் முடிந்திருந்தால் ஊர்கள் மீண்டிருக்கும். அதன் பின் வந்தவையே கொடியவை.

1832 இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தமை நியாயமே. ஆனால் குளக்கட்டைத் திருத்த ஊரைக் கூட்டிவந்த பழைய ஒழுங்கும் அதனோடு தளர்ந்தது. அதன் இடத்தில் வேறொன்று உடனே வைக்கப்படவில்லை. ஒரு கட்டு உடைந்தால் ஒரு போகம் போகும். இரண்டு மூன்று போகம் போனால் ஊர் போகும். எஞ்சியவர்களைக் காய்ச்சலும் வாந்திபேதியும் பறங்கி நோயும் வாட்டின. பறங்கி நோய் பற்றி வைத்தியத் திணைக்களத்தின் தலைவர் டபிள்யூ. ஆர். கின்சி 1881 இல் தனியறிக்கையே வெளியிட்டார். நல்ல நீரும் போதிய உணவும் அற்ற உலர்வலயக் கிராமங்களின் நிலை அதனால் அரசின் கவனத்துக்கு வந்தது. 1895 இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல் அக்கால வன்னியை அறிய நமக்குள்ள முதன்மையான சான்று. உடைந்த குளங்களும் அருகிய குடிகளும் கொண்ட ஒரு நாட்டையே அந்நூல் காட்டுகின்றது.

யாழ்ப்பாணத்தில் அக்காலத்தில் வன்னிக்கு மாற்றலாகிப் போவது தண்டனையாகக் கருதப்பட்டது. 1905 இல் புகையிரதப் பாதை வன்னியூடாக யாழ்ப்பாணத்தை எட்டியபோதும் பயணிகள் சாளரத்தூடாகக் காட்டைப் பார்த்துக்கொண்டே சென்றனரேயன்றி அங்கு இறங்கிக் குடியேறியவர்கள் சிலரே.

ஊர்கள் மீண்ட காலம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டது. பின்னர் முத்தையன்கட்டும் வேறு குளங்களும் திருத்தப்பட்டன. 1946, 1947 இல் டி.டி.ரி. மருந்து நாடெங்கும் தெளிக்கப்பட்டதும் மலேரியா சடுதியாகக் குறைந்தது. காய்ச்சலுக்கு அஞ்சி எவரும் தங்காத இடங்களில் படித்த வாலிபர் திட்டங்களும் குடியேற்றத் திட்டங்களும் வந்தன. தீவுப்பகுதியிலிருந்தும் வலிகாமத்திலிருந்தும் காணியற்றவர்கள் வந்தனர். 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்தவர்கள் பலர் காடு வெட்டிக் குடியமர்ந்தனர். அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' நாவல் 1973 இல் வெளிவந்தபோது, தண்ணிமுறிப்பைப் போன்ற ஓர் ஊரிலும் இலக்கியத்துக்குரிய வாழ்வு உண்டு என்பதை ஈழத்து வாசகர்கள் கண்டுகொண்டனர்.

இந்த மீட்சி ஒரு தலைமுறைக்கு மேல் நீடிக்கவில்லை. 1984 இல் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஊர்களின் தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1990 இல் புகையிரதம் நின்றது. 1995, 1996 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தவர் பெருந்தொகையாக வன்னிக்கு வந்தபோது, வன்னி அதன் வரலாற்றில் காணாத நெரிசலைக் கண்டது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகியது. ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கெரித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்டார்கள்.

அமைதியான ஊரில் ஒவ்வொரு ஒலியும் ஒரு செய்தி. பின்னிரவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பிரசவமா, பாம்புக்கடியா என்று வேலியோரம் வந்து விசாரிப்பார்கள். நாய்கள் ஒருசேரக் குரைத்தால் யானை. போர்க்காலத்தில் இந்தச் செவிப்பழக்கமே உயிர்காத்தது. எறிகணை புறப்படும் ஒலிக்கும் விழும் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுபிள்ளைகளும் அறிந்திருந்தனர். எல்லா ஒலியும் அடங்கிவிட்டால் அதுவே அச்சம் தந்தது.

2009 இன் பின்

2009 மே மாதம் போர் முடிவுற்றபோது வன்னியின் கிராமங்கள் ஏறக்குறைய முழுமையாக வெறுமையாகக் கிடந்தன. மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இருந்தனர். 2012 செப்டெம்பரிலேயே அம்முகாம் மூடப்பட்டது. அவ்வாண்டுக் குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 92,000 பேர்; இலங்கையின் மாவட்டங்கள் அனைத்திலும் இதுவே மிகக் குறைந்த தொகை. திரும்பி வந்தவர்களில் பலர் முதலில் தேடியது தமது கிணற்றை. கிணறு இருந்தால் வளவின் எல்லையைக் கண்டுபிடித்துவிடலாம்.

எல்லோருக்கும் அதுவும் வாய்க்கவில்லை. கேப்பாப்பிலவு மக்கள் தம் காணிகளைக் கேட்டு 2017 இல் வீதியோரம் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். காணிகளின் ஒரு பகுதி பின்னர் விடுவிக்கப்பட்டது. இரவு பகலாகப் பெண்களும் முதியவர்களும் அமர்ந்திருந்த அந்தக் கொட்டிலுக்கு எதிரே, முட்கம்பிக்கு அப்பால் இருந்த நிலமும் அமைதியாகவே இருந்தது. அமைதி என்ற சொல்லை எழுதும் பத்திரிகையாளர்கள் அந்தக் காட்சியை நினைவில் வைத்திருப்பது நல்லது.

2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. வன்னியை ஒரு நூற்றாண்டு காலம் வெறுமையாக்கிய காய்ச்சல் இன்று இல்லை. மின்சாரம் வந்திருக்கிறது, வீதிகள் திருந்தியிருக்கின்றன, புகையிரதம் மீண்டும் ஓடுகின்றது. ஆயினும் இளைஞர்கள் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அப்பாலும் போகிறார்கள். வயலில் இறங்குபவர்களின் வயது கூடிக்கொண்டு போகிறது. யானை வேலிக்குள் வருகிறது. காவற் கொட்டிலில் கண்விழிக்க ஆளில்லை.

புலம்பெயர்ந்த உறவுகள் ஊருக்கு வரும்போது கோயிலுக்குக் கோபுரம் கட்டித் தருகிறார்கள், அதனைக் குறைசொல்வதற்கில்லை. அதே ஊரின் குளக்கட்டில் ஒருநாள் நடந்து, எங்கே மண் அரித்திருக்கிறது, துருசு இறுகிப்போயிருக்கிறதா, கீழே எத்தனை ஏக்கர் தரிசாகக் கிடக்கிறது என்று கமக்காரர் அமைப்பிடம் கேட்டுப் பார்க்கலாம். கட்டு உடைந்த பின்னர்தான் ஊர் உடைந்தது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வன்னிக்குக் கற்றுத்தந்தது. அந்தப் பாடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டிய தேவை நமக்கில்லை.